பிடியரிசியில் வளர்ந்த சபை

(கப்பல்துறையில் நடந்த மாதர் கூட்டத்தில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



சங்கக் கூட்டத்தில் ஒரு கிறிஸ்தவ சபையைப் பற்றிப் பேசப் போகிறேன் என்றதும் சிலர் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தீர்கள். யாரையும் மதம் மாற்ற வரவில்லை. மாரியம்மன் கோயிலுக்குப் போகிறவர்கள் அங்கேயே போங்கள், மாதா கோயிலுக்குப் போகிறவர்கள் அங்கேயே போங்கள். ஏழைச் சனங்கள் தங்கள் அடுப்படியிலிருந்தே ஒரு பெரிய அமைப்பை எப்படி வளர்த்தார்கள் என்பதைச் சொல்லத்தான் வந்தேன்.

இந்தியாவின் வடகிழக்கில், பர்மா எல்லையில் மிசோரம் என்று ஒரு மலை மாநிலம் இருக்கிறது. அந்தக் காலத்தில் அதற்கு லுஷாய் மலை என்று பெயர். மலைக்குக் கீழே கச்சார் என்ற இடம். நம் பாட்டன் பூட்டன்மார் கண்டிச் சீமையில் காடு வெட்டிக்கொண்டிருந்த நாட்களில் அங்கேயும் வெள்ளைக்காரர் தேயிலை போட்டார்கள். தோட்டம் மேலே ஏற ஏற மலைச் சனங்களின் வேட்டைக்காடு குறைந்தது. 1871இல் அவர்கள் இறங்கி வந்து தோட்டங்களைத் தாக்கினார்கள். அலெக்சாண்டிராபூர் தோட்டத்தில் வின்செஸ்டர் என்பவரைக் கொன்று, அவருடைய சின்ன மகள் மேரியைத் தூக்கிப் போனார்கள். பட்டாளம் மலையேறிப் பிள்ளையை மீட்டது. அடுத்த இருபது ஆண்டுகளில் மலையே வெள்ளைக்காரர் கைக்குப் போய்விட்டது. ஆக, அந்தச் சனங்களின் கதையிலும் தேயிலை இருக்கிறது.

1894இல் லொரெய்ன், சவிட்ஜ் என்ற இரண்டு மிஷனரிகள் அங்கே போனார்கள். எழுத்தே இல்லாத மிசோ மொழிக்கு எழுத்து அமைத்தார்கள். 1903இல் பப்டிஸ்ட் மிஷன் சார்பில் திரும்பி வந்து, தெற்கே லுங்லேய் பக்கம் செர்க்கோன் என்ற ஊரில் தங்கினார்கள். வடக்கே பிரெஸ்பிட்டேரியன் சபை, தெற்கே பப்டிஸ்ட் சபை என்று ஆனது. பள்ளிக்கூடம் நடத்தும் வேலையையும் அரசாங்கம் நெடுங்காலம் அவர்களிடமே விட்டிருந்தது. 1901 குடிசன மதிப்பில் அந்த மலையில் எழுதப் படிக்கத் தெரிந்தவர்கள் நூற்றுக்கு ஒருவர்கூட இல்லை. 2011இல் நூற்றுக்கு 91 பேர். இன்று மிசோரம் பப்டிஸ்ட் சபையில் ஒன்றரை இலட்சத்துக்கும் மேற்பட்டவர்கள் இருக்கிறார்கள். செர்க்கோனில் ஆஸ்பத்திரி நடத்துகிறார்கள், தாதிமாரைப் பயிற்றுகிறார்கள், பள்ளிக்கூடங்கள் வைத்திருக்கிறார்கள்.

இதற்கெல்லாம் காசு எங்கிருந்து வந்தது? அந்தச் சனங்களும் நம்மைப் போலக் கையில் காசு புழங்காதவர்கள்தான். மலைச் சரிவில் காட்டை வெட்டி எரித்து நெல் விதைத்தவர்கள். காசு இல்லை, சோற்றுக்கு அரிசி உண்டு. அதனால் அங்கே பெண்கள் ஒரு வழக்கத்தை உண்டாக்கினார்கள். அதன் பெயர் ‘புஹ்ஃபாய் தாம்’. நம் பேச்சில் பிடியரிசி. ஒவ்வொரு வேளையும் உலை வைக்கும்போது, குடும்பத்துக்கு அளந்த அரிசியிலிருந்து ஒரு கைப்பிடியை எடுத்துத் தனியாக வைப்பார்கள். மாதர் சங்கத்தார் அதை வீடு வீடாகச் சேர்ப்பார்கள். சேர்ந்த அரிசியை விற்றுச் சபைக் கணக்கில் போடுவார்கள். பப்டிஸ்ட் சபை, பிரெஸ்பிட்டேரியன் சபை இரண்டிலும் நூறு ஆண்டுகளுக்கு மேலாக இது நடக்கிறது.

அவர்கள் பட்டினி தெரியாதவர்கள் என்று நினைக்க வேண்டாம். அந்த மலையில் ஐம்பது ஆண்டுக்கு ஒருமுறைபோல மூங்கில் ஒரே நேரத்தில் பூத்துக் காய்க்கும். அதைத் தின்று எலி பெருகும். பிறகு எலி வயலுக்கு இறங்கும். 1911இல் அப்படிப் பஞ்சம் வந்தது, 1959இலும் வந்தது. அரசாங்கம் சரியாகக் கவனிக்கவில்லை என்ற கோபத்திலிருந்து 1966இல் ஆயுதக் கிளர்ச்சி வெடித்தது. ஐஸோல் நகரத்தின்மேல் இந்திய விமானங்கள் குண்டு போட்டன. கிராமங்களைக் காலிசெய்து சனங்களைக் குவித்து வைத்தார்கள். 1986இல்தான் சமாதான ஒப்பந்தம் வந்தது. அதற்குச் சபைகளும் பாடுபட்டன. இதற்கிடையில் வெளிநாட்டு மிஷனரிகள் ஊர் திரும்பிவிட்டார்கள். சபை நின்றுபோகவில்லை. அதைத் தாங்கிய அரிசி அவர்கள் சொந்த அடுப்படியிலிருந்து வந்ததுதான் காரணம்.

இனி நம் கதைக்கு வருவோம். 1977, 1983 கலவரங்களுக்குப் பிறகு மலையகத்திலிருந்து மூட்டையோடு வடக்குக் கிழக்குக்கு வந்த குடும்பங்கள் எத்தனையோ. சுனாமிக்குப் பிறகும் யுத்தத்துக்குப் பிறகும் இந்தப் பக்கம் எத்தனை நிறுவனங்களின் வாகனங்கள் வந்தன! திட்டம் முடிந்தது, வாகனமும் போனது. பெயர்ப்பலகை மட்டும் துருப்பிடித்து நிற்கிறது.

இப்போது தவறாமல் வருகிறவர் கிழமைக் கடன்காரர் ஒருவர்தான். பெண்களைக் குழுவாக உட்கார வைத்து, ஒருவர் கட்டாவிட்டால் மற்றவர் கட்ட வேண்டும் என்று சொல்லிக் காசு வாங்கிப் போகிறார். பிள்ளைக்குப் பால்மா இல்லாத கிழமையிலும் நீங்கள் கட்டுகிறீர்கள். அப்படியானால், நம் பெண்களுக்குச் சேமிக்கத் தெரியாது என்று யார் சொல்ல முடியும்? கிழமை தவறாமல் கட்டும் ஒழுங்கு உங்களிடம் இருக்கிறது. அந்தக் காசு ஊரைவிட்டு வெளியே போகிறது, அதுதான் குறை.

ஒரு கணக்குப் போட்டுப் பாருங்கள். ஒரு பிடி 50 கிராம் என்று வையுங்கள். இரண்டு வேளைக்கு 100 கிராம். மாதம் 3 கிலோ. நாற்பது வீடு சேர்ந்தால் 120 கிலோ. கிலோ 200 ரூபாய் என்றாலும் 24,000 ரூபாய். உயர்தரம் படிக்கிற பிள்ளைகளின் பஸ் காசுக்கு அது போதும். நான் பள்ளிக்கூடத்தில் நிற்கிறவன். சாதாரண தரத்தோடு நின்றுபோகிற பிள்ளைகளில் பலரை நிறுத்துவது அந்தப் பஸ் காசுதான்.

மிசோரத்தில் பெரும்பாலானவர்கள் ஒரே மொழி, ஒரே சமயம். இங்கே அப்படி இல்லை. ஆகவே நமக்கு எல்லோரும் நிற்கக்கூடிய கூரை சங்கம்தான். ஆனால் சங்கத் தலைவர்மார் இந்த அரிசியில் கை வைக்கக் கூடாது. நீங்கள் தெரிவு செய்யும் மூன்று பெண்கள் கணக்கு வைக்க வேண்டும். மாதம் ஒருமுறை எல்லோர் முன்னாலும் வாசிக்க வேண்டும். எடுத்துக் கொடுக்கும் காசுக்கு வட்டி கிடையாது. வீட்டில் அரிசி இல்லாத நாளில் பிடி எடுக்கவும் வேண்டாம்.

பிடியரிசி சம்பளத்துக்கு ஈடாகாது. நியாயமான நாட்சம்பளத்தைக் கம்பனியிடமும், காணி உறுதியை அரசாங்கத்திடமும் கேட்டே தீர வேண்டும். தோட்டத்தில் வேலைநிறுத்தம் செய்தால் மூன்றாம் நாளே கடைக்காரர் கடன் நிறுத்துவார், நான்காம் நாள் வேலைக்குத் திரும்ப வேண்டியிருக்கும். பொதுவில் அரிசி இருந்தால் பத்தாம் நாளும் நிற்கலாம்.

வருகிற ஞாயிற்றுக்கிழமை ஒவ்வொரு வீட்டிலிருந்தும் மூடியோடு ஒரு வெறும் பால்மாப் பேணி கொண்டுவாருங்கள். பெயர் எழுதித் தருகிறோம். மூன்று பெண்களையும் அன்றைக்கே தெரிவு செய்வோம்.