தண்டவாளம் வரும் வழியில் நம் தண்ணீர்க் குழாய்

(மும்பையில் நடந்த சங்கக் கூட்டத்தில் ஆற்றிய உரை)



இன்று நாம் பேசப் போவது, ஒரு ரயில் பாதை வருவதற்கு முன்னால் மண்ணுக்குக் கீழே நடக்கும் வேலையைப் பற்றி. குடிதண்ணீர்க் குழாய், சாக்கடை, மழைநீர்க் கால்வாய், மின்சாரக் கேபிள், எரிவாயுக் குழாய், தொலைபேசிக் கம்பி ஆகியவற்றைப் பெயர்த்து வேறிடத்தில் வைக்கிற வேலை அது. ரயிலுக்குக் கொடி அசைக்கும் அன்று மாலையும் மேளமும் உண்டு. குழாயைப் பெயர்க்கும் அன்று ஒரு தட்டியும் ஒரு பள்ளமும்தான் உண்டு. ஆனால் நம் வீட்டுக் குடத்தைத் தொடுவது அந்தப் பள்ளம்தான்.

ரயில் வேண்டாம் என்று சொல்ல நாம் கூடவில்லை. நம்மில் பலருக்குச் சோறு போடுவது ரயில்வே. மற்றவர்களை வேலைக்குக் கொண்டுபோய்ச் சேர்ப்பதும் ரயில்தான். நம் கேள்வி ஒன்றே: ரயிலுக்கு வழிவிடுகிற குழாய், திரும்ப நம் வீட்டுக்கு வந்து சேருகிறதா?

வேலை நடக்கும் விதத்தை முதலில் தெரிந்துகொள்வோம். தெரியாதவனைத்தான் எவனும் ஏய்க்க முடியும். தோண்டுவதற்கு முன் பழைய வரைபடங்களைப் பார்க்கிறார்கள். வரைபடத்தில் ஒரு இடத்தில் இருக்கும் குழாய் மண்ணில் வேறு இடத்தில் இருக்கும். அதனால் கையால் சோதனைக் குழி வெட்டிப் பார்க்கிறார்கள். ரேடார் கருவியும் வைத்துப் பார்க்கிறார்கள். பிறகு புதுக் குழாயைப் பக்கத்தில் போட்டு, அழுத்தம் கொடுத்துச் சோதித்து, மருந்து விட்டுக் கழுவி, ஒருநாள் சில மணி நேரம் தண்ணீரை நிறுத்தி, பழையதை வெட்டிப் புதியதில் சேர்க்கிறார்கள். முறைப்படி செய்தால் இதில் யாருக்கும் நஷ்டமில்லை.

இதில் சாக்கடைதான் மிகக் கடினம். குடிநீர் அழுத்தத்தில் ஓடுவது. குழாயை மேலே ஏற்றலாம், கீழே இறக்கலாம், வளைக்கலாம். சாக்கடை சரிவை நம்பி ஓடுவது. நாலு அடி தள்ளிப் போட்டாலும் சரிவு கெடாமல் போட வேண்டும். சரிவு கெட்டால் மழைக்காலத்தில் சாக்கடை எதிர்த்து வரும். யார் வீட்டுக்குள்? தாழ்ந்த தெருவில் இருக்கிறவன் வீட்டுக்குள். தாழ்ந்த தெருக்களில் குடியிருப்பவர்கள் யார் என்று உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை.

இது புதிய தொல்லையும் அல்ல. இந்தியாவின் முதல் மெட்ரோ அன்றைய கல்கத்தாவில் வந்தது. 1972 டிசம்பர் 29 அன்று பிரதமர் இந்திரா காந்தி அடிக்கல் நாட்டினார். எஸ்பிளனேடு முதல் பவானிப்பூர் வரை வெறும் 3.4 கிலோமீட்டரில் முதல் ரயில் ஓடியது 1984 அக்டோபர் 24 அன்று. ஏறக்குறைய 12 ஆண்டுகள்! டம்டம் முதல் டாலிகஞ்ச் வரை முழுப் பாதையும் முடிய 1995 ஆயிற்று. பணம் வராதது ஒரு காரணம், வழக்குகள் ஒரு காரணம். இன்னொரு பெரிய காரணம், சாலையை மேலிருந்து வெட்டித் திறந்து கட்டிய அந்த முறையில், குறுக்கே வந்த பழைய செங்கல் சாக்கடைகளையும் குடிநீர்க் குழாய்களையும் கேபிள்களையும் ஒவ்வொன்றாக மாற்ற வேண்டியிருந்தது. அத்தனை காலமும் தோண்டிய சாலையின் ஓரத்தில் கடை வைத்தவனும் குடியிருந்தவனும் பட்ட பாட்டுக்கு எந்தக் கணக்குப் புத்தகத்திலும் பத்தி இல்லை.

நம் மும்பைக்கு வருவோம். 33.5 கிலோமீட்டர் நீளமுள்ள மூன்றாம் மெட்ரோ வழித்தடம் 2024 அக்டோபர் முதல் பகுதி பகுதியாகத் திறக்கப்பட்டது. 2025 மே மாதம் தாராவி நிலையம் திறந்தது. 2025 அக்டோபரில் கஃப் பரேடு வரை முழுவதும் ஓடத் தொடங்கியது. நல்லது, நம் பிள்ளைகளும் அதில் ஏறுகிறார்கள். அதே 2025 மே 26 அன்று, பெய்த மழையில், வர்லியின் ஆச்சார்ய அத்ரே சௌக் நிலையத்துக்குள் தண்ணீர் புகுந்ததையும் நாடே பார்த்தது. திறந்து மூன்று வாரம்கூட முழுதாக ஆகவில்லை. கோடி கோடியாகச் செலவழித்த நிலையத்துக்கே தண்ணீர் போகும் வழியைச் சரியாக அடைக்காவிட்டால் இந்தக் கதி என்றால், நம் சால்களின் கதி என்ன?

2023 நவம்பர் 30 அன்று நடந்ததை நினைவுபடுத்திக்கொள்ளுங்கள். அந்தேரி கிழக்கில், ஆறாம் மெட்ரோ வழித்தட வேலைக்காகத் துளையிட்டபோது, வெராவலி நீர்த்தேக்கத்துக்குப் போகும் 1800 மில்லிமீட்டர் குழாய் உடைந்தது. ஒரு ஆள் நிமிர்ந்து நிற்கலாம், அவ்வளவு பெரிய குழாய். புறநகரின் பல பகுதிகளில் இரண்டு நாளுக்கு மேல் தண்ணீர் இல்லை. மாடிக் கட்டடத்தில் இருப்பவன் டேங்கர் வரவழைத்தான். நம் பெண்கள் குடத்தைத் தூக்கிக்கொண்டு அலைந்தார்கள். குழாய் இருக்கும் இடத்தைத் துளையிடுவதற்கு முன் உறுதிசெய்யாததற்கு அபராதம் கட்டியது அந்தக் குடங்கள்தான்.

இனி சட்டம் என்ன சொல்கிறது என்று பார்ப்போம். 1989ஆம் ஆண்டு ரயில்வே சட்டத்தில் 12ஆவது பிரிவு இதற்கென்றே இருக்கிறது. குடிநீர், எரிவாயுக் குழாய்களையும் மின்கம்பியையும் சாக்கடையையும் இடம் மாற்றும் அதிகாரத்தை ரயில்வேக்கு அது கொடுக்கிறது. வெள்ளைக்காரன் காலத்து 1890ஆம் ஆண்டுச் சட்டத்திலேயே இந்த அதிகாரம் இருந்தது. மெட்ரோ வேலைகளுக்கு 1978இல் தனிச் சட்டம் செய்தார்கள். ஆனால் 12ஆவது பிரிவில் இரண்டு நிபந்தனைகள் உண்டு. ஒன்று, வேலை எப்போது தொடங்கும் என்று நியாயமான முன்னறிவிப்புக் கொடுக்க வேண்டும். இரண்டு, நியாயமான திருப்தி ஏற்படும்படி வேலையை முடிக்க வேண்டும். யாருக்கு அறிவிப்பு? யாருக்குத் திருப்தி? உள்ளாட்சி மன்றத்துக்கு, அல்லது அந்தக் குழாயை வைத்திருப்பவருக்கு. தண்ணீர் குடிக்கிறவனுக்கு அல்ல!

இதுதான் முடிச்சு. ரயில்வே மாநகராட்சிக்குக் கடிதம் எழுதுகிறது. மாநகராட்சி எஸ்டிமேட் போட்டு அனுப்புகிறது. ரயில்வே பணம் கட்டுகிறது. எங்கள் ஆபீஸ் பாஷையில் இதற்கு டெபாசிட் வேலை என்று பெயர். கடிதம் போகிறது, பணம் போகிறது, கான்ட்ராக்டர் வருகிறார், பள்ளம் வெட்டுகிறார், முடிந்தது என்று கையெழுத்தாகிறது. அந்தக் கோப்பில் எல்லோருடைய கையெழுத்தும் இருக்கும். சந்தில் குடியிருப்பவன் கையெழுத்து மட்டும் இருக்காது. அவனுக்குத் தண்ணீர் வந்ததா என்று ஒரு வரியும் இருக்காது.

ரயில்வேயில் இருக்கும் எங்களுக்கு ஒரு வேடிக்கை தெரியும். ஞாயிற்றுக்கிழமை சில மணி நேரம் ரயிலை நிறுத்தித் தண்டவாளம் பார்க்க வேண்டும் என்றால், மெகா பிளாக் என்று முன்கூட்டியே பத்திரிகையில் வரும், நிலையத்தில் ஒலிபெருக்கி கத்தும். எந்த ரயில் நிற்கும், எது எந்தப் பாதையில் போகும் என்றெல்லாம் சொல்லப்படும். வேலை நடக்கும் இடத்தைத் தாண்டுகிற டிரைவர் கையில் காஷன் ஆர்டர் எழுதிக் கொடுக்காமல் வண்டியை அனுப்ப மாட்டார்கள். ரயிலுக்கு இவ்வளவு மரியாதை தெரிந்தவர்களுக்கு, தண்ணீரை நிறுத்தும்போது மட்டும் அது ஏன் மறந்து போகிறது? கான்ட்ராக்டர் பார்த்துக்கொள்வார் என்று மாநகராட்சியும், மாநகராட்சி சொல்லிக்கொள்ளும் என்று ரயில்வேயும் இருந்தால், சந்துக்குள் வந்து சொல்வது யார்?

ஆறு மணி நேரம்தானே நிறுத்துகிறோம் என்பார்கள். கணக்கைக் கவனியுங்கள். நமக்குத் தண்ணீர் நாள் முழுதும் வருவதில்லை. சாவிவாலா வால்வைத் திறக்கும் நேரத்தில்தான் வரும். அந்த நேரம் நிறுத்தத்துக்குள் விழுந்துவிட்டால், நமக்குப் போனது ஆறு மணி நேரம் அல்ல, ஒரு முறைத் தண்ணீர் முழுதும். அடுத்த முறை வரும்வரை ஒருநாள். குழாய் காலியாகக் கிடக்கும்போது பக்கத்தில் ஒழுகும் சாக்கடை நீர் இணைப்பின் வழியே உள்ளே இழுக்கப்படும். மறுநாள் முதலில் வருவது அதுதான். மேல்தளத் தொட்டி உள்ளவன் ஆறு மணி நேர நிறுத்தத்தை உணரவே மாட்டான். நம் வீட்டில் வயிற்றுப்போக்கில் படுத்த குழந்தைக்கு ஒரு வாரச் சம்பளம் போகும்.

இதைவிடப் பெரிய ஆபத்து ஒன்று உண்டு. பழைய குழாயை வெட்டிப் புதியதில் சேர்க்கும்போது எந்தெந்த இணைப்புகளைத் திரும்பச் சேர்ப்பார்கள்? ஏட்டில் இருக்கிறவற்றை. பல குடும்பங்கள் சேர்ந்து ஒருவர் பெயரில் வாங்கிய இணைப்பு, அவர் வீட்டை விற்றுவிட்டு ஊருக்குப் போன பிறகும் அவர் பெயரிலேயே இருக்கும். பில் யார் கையில் இருக்கிறது என்று யாருக்கும் தெரியாது. இப்படிப்பட்ட இணைப்புதான் பள்ளத்தில் அறுந்து போகும். கேட்கப் போனால், காகிதம் எங்கே என்பார்கள்.

காகிதம் இல்லாதவனுக்கும் தண்ணீர் உரிமை உண்டு. 2014 டிசம்பரில் மும்பை உயர் நீதிமன்றம், குடியிருப்பு அனுமதியில்லாதது என்ற ஒரே காரணத்துக்காகக் குடிநீரை மறுக்க முடியாது, அரசியல் சட்டத்தின் 21ஆவது பிரிவு தரும் உயிர்வாழும் உரிமையில் தண்ணீரும் அடக்கம் என்று தீர்ப்புச் சொன்னது. இந்தத் தீர்ப்பை வாங்கித் தந்தவர்கள் நம்மைப் போன்ற குடிசை மக்களின் போராட்டக்காரர்கள்தான். தீர்ப்பு இருக்கிறது. அதைக் கையில் எடுத்துப் போகிற சங்கம் இருக்க வேண்டும்.

தோழர்களே, பள்ளத்துக்குள் இறங்குகிறவனையும் மறந்துவிடக் கூடாது. அவனும் நம்மவன்தான், அல்லது நம்மைப் போலப் பிழைக்க வந்த பீகாரி, ஒரிசாக்காரன். ஒன்றரை மீட்டருக்கு மேல் ஆழமான பள்ளத்துக்குப் பக்கவாட்டில் பலகை முட்டுக் கொடுக்க வேண்டும் என்பது இந்தியத் தர விதி. முட்டு இல்லாத பள்ளம் சரிந்தால் தலைக்கு மேல் மண். ஓடும் சாக்கடையைத் திருப்பும்போது மனிதனைத் துணையில்லாமல், கருவியில்லாமல் உள்ளே இறக்குவது 2013ஆம் ஆண்டுச் சட்டப்படி குற்றம். சாக்கடைக்குள் செத்தவன் குடும்பத்துக்கு 10 லட்சம் தர வேண்டும் என்று 2014இல் சொன்ன உச்ச நீதிமன்றம், 2023 அக்டோபரில் அதை 30 லட்சமாக உயர்த்தியது. உயிருக்கு 30 லட்சம் விலையா என்று கேட்பீர்கள். விலை இல்லை. ஆனால் அந்தப் பணத்தையும் தராமல் ராத்திரியோடு ராத்திரியாகப் பிணத்தை ஊருக்கு அனுப்பப் பார்ப்பவர்கள் இருக்கிறார்கள். அதற்காகத்தான் சொல்கிறோம்.

வேலைகள் இன்னும் வரப்போகின்றன. ஐந்தாவது, ஆறாவது ரயில் பாதைக்காக, 1912இல் கட்டிய சயான் பாலத்தை 2024 ஆகஸ்ட் 1 முதல் மூடி இடித்தார்கள். தாராவிக்காரனுக்கு அது என்ன பாலம் என்று நாம் சொல்ல வேண்டாம். புல்லட் ரயிலுக்குப் பாந்திரா குர்லா காம்ப்ளெக்சிலிருந்து சுரங்கம் தோண்டுகிறார்கள். ஒவ்வொரு வேலைக்கும் முன்னால் குழாயும் கேபிளும் நகரும். ஆகவே சங்கம் ஐந்து கோரிக்கைகளை வைக்கிறது.

ஒன்று: நிறுத்தத்துக்கு ஏழு நாள் முன்பாக, மராத்தி, இந்தி, தமிழ் மூன்று மொழிகளிலும் சந்துக்குச் சந்து அறிவிப்பு ஒட்ட வேண்டும்.

இரண்டு: தண்ணீர் வரும் முறையைப் பார்த்து நிறுத்த நேரத்தைக் குறிக்க வேண்டும். முடியாவிட்டால் அன்று டேங்கர் வர வேண்டும். அந்தச் செலவு திட்டத்தின் எஸ்டிமேட்டிலேயே சேர வேண்டும்.

மூன்று: வெட்டுவதற்கு முன் ஒவ்வொரு வீட்டு இணைப்பையும் குடியிருப்பவர் முன்னிலையில் எண்ணிப் பட்டியல் எடுக்க வேண்டும்.

நான்கு: ஒரு மழைக்காலம் முடிந்து, சாக்கடை எதிர்க்கவில்லை என்று பார்த்த பிறகே மாநகராட்சி திருப்தி என்று கையெழுத்துப் போட வேண்டும். கான்ட்ராக்டரின் கடைசிப் பணம் அதுவரை நிற்க வேண்டும்.

ஐந்து: பள்ளத்தில் இறங்குகிறவர்களின் பெயர்ப்பட்டியல், கூலி, பாதுகாப்புக் கருவி ஆகியவை வேலை நடக்கும் இடத்திலேயே எழுதி வைக்கப்பட வேண்டும்.

கோரிக்கை வைத்துவிட்டுக் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்தால் எதுவும் நடக்காது. நாம் செய்ய வேண்டியதும் உண்டு. ஒவ்வொரு சந்திலும் இரண்டு பேரைத் தேர்ந்தெடுங்கள், அதில் ஒருவர் பெண்ணாக இருக்கட்டும். எந்தக் குழாய் யார் பெயரில், எத்தனை வீட்டுக்கு, கடைசி பில் எங்கே என்று நோட்டில் எழுதுங்கள். ஊருக்குப் போனவர் பெயரிலுள்ள இணைப்பைப் பெயர் மாற்ற வார்டு ஆபீசில் மனுக் கொடுங்கள். மனுவின் நகலில் முத்திரை வாங்காமல் திரும்பாதீர்கள். நிறுத்தம் முடிந்து வரும் முதல் தண்ணீரைக் குடிக்க எடுக்காதீர்கள். அடுத்ததைக் கொதிக்க வைத்துக் குடியுங்கள். பள்ளம் வெட்ட ஆள் வந்தால், அவனோடு சண்டைக்குப் போகாதீர்கள். அவன் கூலிக்காரன். வேலை ஆணையைக் காட்டச் சொல்லி மேஸ்திரியைக் கேளுங்கள். சங்கத்துக்கு ஆள் அனுப்புங்கள்.

அழுத பிள்ளைக்குத்தான் பால் என்பார்கள். தனித்தனியாக அழுதால் அந்தச் சத்தம் வார்டு ஆபீஸ் வாசற்படியைத் தாண்டாது. சேர்ந்து கேட்டால் தாண்டும். அடுத்த கூட்டத்துக்கு வரும்போது ஒவ்வொரு சந்துக்காரரும் அந்த நோட்டோடு வாருங்கள். பட்டியலை ஒன்றாகச் சேர்த்து, வார்டு அதிகாரியிடமும் ரயில்வே கட்டுமானப் பிரிவிடமும் நாமே ஊர்வலமாகக் கொண்டுபோய்க் கொடுப்போம்.