அளவுகோலை எங்கே வைப்பது?

(முன்னாள் மாணவர் சந்திப்பில் பேசியதன் எழுத்து வடிவம்)

 

"மில் மெஷினைப் பத்தித்தானே பேசப் போறே?" என்று வாசலிலேயே ஒருத்தன் கேட்டுவிட்டான். ரிங் ஃபிரேம் சர்வீஸ் என் பிழைப்பு. அவன் கேட்டதில் தப்பில்லை. ஆனால் இன்றைக்கு மெஷின் முன்னால் நிற்கிற பெண்களைப் பற்றியும், அவர்கள் நிலைமையை ஆராய்கிறவர்களைப் பற்றியும் பேச நினைக்கிறேன். மீனாட்சி மில் நடத்திய கருமுத்து தியாகராசச் செட்டியார் 1957-ல் ஆரம்பித்த கல்லூரி இது. நூலைப் பற்றிப் பேச இதைவிடப் பொருத்தமான மேடை ஏது?

வெளிநாட்டு ஆடைக் கம்பெனிகள் தங்களுக்குத் தைத்துத் தரும் தொழிற்சாலைகளுக்கு ஆள் அனுப்பி 'சோஷியல் ஆடிட்' செய்யும் வழக்கம் 1990-களில் பரவியது. சம்பளப் பதிவேடு, வயதுச் சான்று, முதலுதவிப் பெட்டி எல்லாம் பார்ப்பார்கள். கராச்சியில் அலி என்டர்பிரைசஸ் என்ற தொழிற்சாலை 2012 ஆகஸ்டில் எஸ்.ஏ.8000 சான்றிதழ் வாங்கியது. செப்டம்பர் 11-ல் தீப்பிடித்து 250-க்கும் மேற்பட்டவர்கள் இறந்தார்கள். ஜன்னலில் கம்பி, கதவில் பூட்டு. சான்றிதழில் மட்டும் குறையில்லை.

நாம் இன்ஜினியர்கள். மூடின வால்வுக்கு அந்தப் பக்கம் பிரஷர் கேஜை மாட்டினால் முள் பூஜ்யத்தில்தான் நிற்கும் என்று நமக்குத் தெரியும். பாய்லருக்கு இதைச் சொல்லித் தருகிறார்கள். மனுஷனிடம் கேள்வி கேட்பதற்கு யாரும் சொல்லித் தருவதில்லை.

எங்கள் பெரியப்பா மகள் பேரையூர்ப் பக்கத்துக் கிராமத்திலிருந்து மூன்று வருஷம் ஒரு மில்லுக்குப் போனது. மில் பெயர் வேண்டாம். அங்கே ஆடிட்டுக்கு வந்தவர்கள் ஹாஸ்டல் வார்டன் பக்கத்தில் நிற்கும்போதே "சாப்பாடு எப்படிம்மா?" என்று கேட்டார்களாம். "நல்லாருக்கு சார்" என்று சொன்னதாம். வேறென்ன சொல்லும்? வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து எங்கள் பெரியம்மா அதே கேள்வியைக் கேட்டபோதுதான், நைட் ஷிஃப்ட் முடிந்து மறுபடி எழுப்பிவிட்டது, காய்ச்சலோடு ஃபிரேம் பார்த்தது, ஞாயிற்றுக்கிழமை ஃபோன் பேச வரிசையில் நின்றது எல்லாம் வந்தது. இந்த ஹாலில் உட்கார்ந்திருக்கிறவர்களில் எத்தனை பேருடைய செமஸ்டர் ஃபீஸ் அக்காவோ தங்கச்சியோ மில்லில் சம்பாதித்த பணம் என்று கணக்கெடுத்தால் நிறைய கை உயரும்.

சுமங்கலித் திட்டம் என்று நீங்கள் கேள்விப்பட்டிருப்பீர்கள். மூன்று வருஷம் ஹாஸ்டலில் தங்கி வேலை பார்த்தால், கடைசியில் மொத்தமாக 30,000 முதல் 50,000 ரூபாய், கல்யாணத்துக்கு. வரதட்சணைத் தடைச் சட்டம் 1961-லேயே வந்துவிட்டது, ஆனால் பெயரே சுமங்கலி! இடையில் உடம்பு முடியாமல் வீடு திரும்பினால் அந்த மொத்தப் பணம் போச்சு. நெதர்லாந்தைச் சேர்ந்த சோமோ, ஐ.சி.என். என்ற இரண்டு ஆய்வு அமைப்புகள் 2011-லும் 2014-லும் இதைப் பற்றி அறிக்கை வெளியிட்டன. மில் ஆபீஸில் உட்கார்ந்து எழுதியது அல்ல. பெண்களிடமே பேசி எழுதியது.

பல்கலைக்கழகக்காரர்களில் எனக்குப் பிடித்தது சசெக்ஸ் பல்கலைக்கழகத்தின் கெர்ட் டி நெவ், கிரேஸ் கார்ஸ்வெல் இருவரின் வேலை. திருப்பூரைப் புரிந்துகொள்ள அவர்கள் திருப்பூர் கம்பெனிகளோடு நிற்கவில்லை, சுற்றுவட்டாரக் கிராமங்களுக்கும் போனார்கள். யார் பனியன் கம்பெனிக்குப் போகிறார்கள், யாரால் போக முடியவில்லை என்று பார்த்தார்கள். விசைத்தறி முதலாளியிடம் முன்பணம் வாங்கிய தலித் குடும்பங்கள் அந்தக் கடனிலேயே கட்டுண்டு கிடந்தது அப்படித்தான் தெரிந்தது. பனியன் கம்பெனியில் எத்தனை ஆடிட் நடத்தினாலும் இது கிடைக்காது பாருங்க, ஏனென்றால் அந்த ஆள் கம்பெனிக்குள்ளேயே வரவில்லை. 2009-ல் டி நெவ் எழுதிய கட்டுரை ஒன்று முதலாளிகள் பக்கத்தையும் பார்க்கிறது. வாங்குகிற கம்பெனி விதிமுறையைத் தான் எழுதும், செலவைத் திருப்பூர்க்காரர் தலையில் கட்டும். விலையைக் குறைத்துக்கொண்டே விதியைக் கூட்டினால் சப்ளையர் எங்கே போவார்? மில் முதலாளிகளை மட்டும் திட்டிவிட்டுப் போகிறவர்கள் இதைப் படிக்க வேண்டும்.

இன்னொரு சிக்கல் நம் தொழில் சார்ந்தது. ஆடை தைக்கும் இடம் வெளிநாட்டுக் கம்பெனிக்குத் தெரியும். நூல் வந்த இடம் தெரியாது. நாலு மில் கோன் ஒரே நிட்டிங் யூனிட்டுக்குள் போனால், துணியாக வெளியே வரும்போது எது யாருடைய நூல் என்று எந்த லேபிலும் சொல்ல முடியாது. ஆடிட் தையல் கூடத்தோடு நின்றதற்கு இதுவும் ஒரு காரணம்.

நமக்குப் பக்கத்திலேயே ஒரு மாற்றம் நடந்தது. திண்டுக்கல் அருகே நாச்சி அப்பேரல் என்ற ஆடைத் தொழிற்சாலையில் வேலை பார்த்த ஓர் இளம்பெண் 2021 ஜனவரியில் கொலை செய்யப்பட்டார். அதன்பின் தலித் பெண்கள் முன்னின்று நடத்தும் டி.டி.சி.யு. தொழிற்சங்கம் போராடி, 2022 ஏப்ரலில் திண்டுக்கல் ஒப்பந்தம் கையெழுத்தானது. தாய் நிறுவனமான ஈஸ்ட்மேன் ஒப்புக்கொண்டது. எச் அண்ட் எம், கேப், பி.வி.எச். கம்பெனிகளும் கட்டுப்பட்டன. ஆடிட்டர் வருஷத்துக்கு ஒருநாள் வருவதற்குப் பதிலாக, 25 தொழிலாளிக்கு ஒருவர் என்ற கணக்கில் தொழிலாளிகளிலிருந்தே கண்காணிப்பாளர்களைப் பயிற்சி கொடுத்து நியமித்தார்கள். முதல் வருஷத்தில் 185 புகார் வந்தது, 182 தீர்ந்தது. புகார் கூடினால் கம்பெனி கெட்டுப்போச்சு என்று சிலர் சொல்வார்கள். நான் கேஜ் வேலை செய்கிறது என்று சொல்வேன்.

நம் மாணவர்கள் புராஜெக்டுக்கு மில்லுக்குப் போகிறார்கள். ஸ்பிண்டில் வேகம், ஈரப்பதம், நூல் அறுப்பு என்று எல்லாம் அளந்து வருகிறார்கள். அறுந்த நூலை ஒட்ட ஒரு பெண் ஒரு ஷிஃப்டில் எத்தனை மைல் நடக்கிறாள் என்று அளந்த ரிப்போர்ட் ஒன்றைக்கூட நான் பார்த்ததில்லை. அடுத்த வருஷம் இரண்டு பேர் அதை எடுத்துச் செய்ய முன்வந்தால், கூட வர நான் தயார். துறைத் தலைவர் அனுமதி கொடுக்க வேண்டும். ஒரே ஒரு நிபந்தனை: பெண்களிடம் பேசுவது மில்லில் அல்ல, லீவுக்கு ஊருக்கு வரும்போது, அவர்கள் வீட்டில். உசிலம்பட்டி, சேடப்பட்டிப் பக்கம் என் பைக்கிலேயே கூட்டிப் போகிறேன். விருப்பம் உள்ளவர்கள் டீ நேரத்தில் என்னைப் பார்க்கலாம்.