மார்புக் கூட்டின் அளவும் மனிதனின் மதிப்பும்

(ஆண்டு விழாவில் நிகழ்த்திய பேச்சு)



சட்டை தைக்கக் கொடுக்கும்போது தையற்காரர் நம் மார்பைச் சுற்றி நாடாவை ஓட்டி ஓர் எண்ணைக் குறித்துக்கொள்கிறார். சட்டைக்கு அவ்வெண் போதும். மனிதனை அறிய அது போதுமா என்பதே இன்று யான் பேச எடுத்துக்கொண்ட பொருள்.

பன்னிரண்டு இணை விலாவெலும்புகளும், முன்னே மார்பெலும்பும், பின்னே முள்ளந்தண்டும் சேர்ந்தமைந்த இக்கூடு எல்லோருக்கும் ஒரே வடிவினதன்று. கைக்குழந்தையின் விலாக்கள் ஏறக்குறையக் கிடையாக இருக்கின்றன. நிமிர்ந்து நடக்கும் பருவத்திலேதான் அவை முன்புறமாகக் கீழ்நோக்கிச் சரிகின்றன. ஆணுக்கும் பெண்ணுக்கும் வேறுபாடு உண்டு. வாழும் இடமும் வடிவை மாற்றும். தென்னமெரிக்க அந்தீஸ் மலைகளில் 4,000 மீற்றர் உயரத்திற் காற்றமுக்கம் கடல் மட்டத்திலுள்ளதில் ஏறக்குறைய 60 சதவீதமே. அங்கே பிறந்து வளரும் கெச்சுவா, ஐமாரா மக்களின் மார்பு ஆழ்ந்து அகன்றிருக்கிறது. அத்தகைய உயரத்திலேயே வாழும் திபெத்தியரோ மிகுதியாக மூச்சு வாங்கி அக்குறையை ஈடுசெய்கின்றனர். இடர் ஒன்று, வழிகள் வேறு.

இவ்வேறுபாட்டை விஞ்ஞானிகள் எவ்வாறு அளக்கின்றனர்? சீ.ரீ. படங்களில் ஒவ்வொரு விலாவிலும் ஒத்த இடங்களிற் புள்ளிகளைக் குறிக்கின்றனர். உருவத்தின் பருமை, நிற்குமிடம், திரும்பிய கோணம் ஆகியவற்றைக் கணனியால் நீக்கிவிட்டால் எஞ்சுவது வடிவமே. பலரின் வடிவங்களிலிருந்து சராசரி கண்டு, ஒவ்வொருவரும் அதனின்று எத்திசையில் எவ்வளவு விலகுகின்றனர் எனக் கணிக்கின்றனர். அச்சராசரி கணக்கிற் பிறந்தது. தாய் வயிற்றிற் பிறந்ததன்று. இதை மறத்தலாகாது.

மறந்ததனால் விளைந்த தீங்கைக் கேளுங்கள். 1846ஆம் ஆண்டில் ஜோன் ஹட்சின்சன் என்னும் ஆங்கில வைத்தியர், தாம் அமைத்த சுவாசமானியால் இரண்டாயிரத்துக்கு மேற்பட்டோரின் மூச்சை அளந்து, உயரம் கூடக்கூட மூச்சின் கொள்ளளவும் கூடுகிறதெனக் காட்டினார். அது நற்பணி. ஆனால் 1851இல் அமெரிக்க வைத்தியர் சாமுவேல் கார்ட்ரைட், அக்கருவி தந்த எண்களைக் கொண்டே, கறுப்பின மக்கள் சுவாச வலிமையிற் குறைந்தவர்கள், ஆதலால் அடிமைத்தொழில் அவர்களுக்கு நன்மையே என வாதித்தார். பின்னாளிற் சுவாசப் பரிசோதனையிலும், சில இனத்தாருக்குக் குறைந்த அளவே இயல்பு என வைத்துக் கணக்கிடும் வழக்கம் புகுந்தது. குறைவை இயல்பென எண்ணினால் நோய் மறைந்து போகுமன்றோ? 2023இலேதான் அமெரிக்க நெஞ்சுநோயியற் கழகம் இனம் சாராத அளவைப் பயன்படுத்துமாறு பரிந்துரைத்தது.

அப்படியாயின் வேறுபாடே இல்லையெனக் கண்ணை மூடிக்கொள்வதா? அதுவும் தவறு. மோட்டார் விபத்துச் சோதனைகளுக்கு நெடுங்காலம் சராசரி ஆணின் உடலையொத்த பொம்மையையே பெரிதும் நம்பினர்; சிறிய உடலுடைய பெண்களுக்கு அதனால் என்ன பயன்?

நண்பர்களே, நம்மிற் சிலர் நாளை வைத்தியராவோம், சிலர் ஆசிரியராவோம். அளவுகோலைக் கையில் எடுப்போம்; ஆனால் அதைக்கொண்டு மக்களை மேலோர் கீழோர் எனப் பிரிக்கமாட்டோம் என்ற உறுதியையும் கூடவே எடுப்போம். முன்னே நிற்பவர் ஓர் இனத்தின் சராசரியல்லர். மூச்சுவிடும் ஒரு மனிதர்.