தாதியர் கல்வியில் "நான்" என்று எழுதுதல்
(சித்திரைப் புத்தாண்டு விழாவில் ஆற்றிய உரை)



பிரித்தானியாவில் தாதியர் படிப்புக்குப் போகும் எங்கட பிள்ளைகள் ஊசி போடவோ மருந்துக் கணக்குப் பார்க்கவோ பயப்படுவதில்லை. "இன்று வாட்டில் நடந்ததைப் பற்றி நீ நினைத்ததை எழுது" என்றால்தான் பேனா நின்றுவிடுகிறது.

காரணம் இருக்கு. நாங்கள் படித்த காலத்தில் விடை புத்தகத்தில் இருந்தது. "நான்" என்று எழுத இடமில்லை. அகதி விண்ணப்பம் கொடுத்த வீடுகளிலோ, எழுதின ஒரு சொல் பிசகினாலும் அது எங்களுக்கே எதிராகும் என்ற பயம் இன்னும் போகவில்லை.

ஆனால் இது வாக்குமூலம் இல்லை. 1988இல் கல்வியாளர் கிரகாம் கிப்ஸ் இதற்கு ஆறு படிகள் சொன்னார்: என்ன நடந்தது, என்ன உணர்ந்தேன், எது நன்று எது குறை, ஏன் அப்படி, வேறென்ன செய்திருக்கலாம், அடுத்தமுறை என்ன செய்வேன்.

சத்திரசிகிச்சை முடிந்த ஒரு அம்மா "நோ இல்லை" என்று சிரிக்கிறா என்று வையுங்கோ. "நோயாளி நலம்" என்று எழுதினால் அது அறிக்கை. "அவ திரும்பிப் படுக்கேக்க முகம் சுழிச்சதைக் கண்டும் நான் ஏன் மறுபடி கேட்கவில்லை?" என்று எழுதினால் அதுதான் படிப்பு. அடுத்த நோயாளியிடம் அந்தப் பிள்ளை இரண்டாந்தரம் கேட்கும்.

இது படிப்போடு முடிவதுமில்லை. 2016 ஏப்ரல் முதல், பதிவுபெற்ற தாதியர் 3 வருடத்துக்கொருமுறை பதிவைப் புதுப்பிக்க இப்படி 5 குறிப்புகள் எழுதவேணும். நோயாளியின் பெயரோ அடையாளமோ அதில் வரக்கூடாது.

பெற்றோரே, பிள்ளை வந்து "இண்டைக்கு மனசு சரியில்லை" என்றால் "எத்தனை மாக்ஸ்?" என்று கேளாதேங்கோ. ஆர் எவர் என்றும் கேளாமல், "என்ன நடந்தது?" என்று மட்டும் கேளுங்கோ. முதற்படி அதுதான்.