காலண்டர் தாளின் பின்பக்கம்: மனநோயாக வந்து நிற்கும் மூளை அழற்சி



மனநல மருத்துவர்களும் நரம்பியல் மருத்துவர்களும் ஒரே கூரையின்கீழ் இரண்டு நாள் உட்கார்ந்து பேசப்போகிறோம். இந்த அவைக்குத் தலைமை ஏற்கும் பொறுப்பை எனக்கு அளித்த அமைப்புக் குழுவினருக்கு நன்றி. பின்வரிசையில் செவிலியர்களும் பயிற்சி மருத்துவர்களும் அமர்ந்திருப்பதைப் பார்க்கிறேன். நோயாளியின் கட்டிலருகே அதிக நேரம் நிற்பவர்கள் நீங்கள்தாம். இந்த உரையை முதலில் உங்களுக்கே சொல்கிறேன்.

நான் ஒரு மனநல மருத்துவர். பல ஆண்டுகளுக்கு முன் 19 வயதுக் கல்லூரி மாணவி ஒருத்தியை என்னிடம் அழைத்து வந்தார்கள். விடுதித் தோழிகள் தன் சோற்றில் ஏதோ கலக்கிறார்கள் என்று சொல்லிக்கொண்டே இருந்தாள். மூன்று இரவாகத் தூக்கம் இல்லை. மணிக்கட்டில் மந்திரித்துக் கட்டிய கறுப்புக் கயிறு. நான் மனச்சிதைவு என்று எழுதி, ஹாலோபெரிடால் கொடுத்து வார்டில் சேர்த்தேன். மூன்றாம் நாள் உடம்பு விறைத்தது, காய்ச்சல் ஏறியது. மருந்தின் விளைவு என்று நினைத்து நிறுத்தினேன். அப்படியும் தேறவில்லை. கேட்டதையே திருப்பிச் சொன்னாள். பிறகு அந்தப் பேச்சும் நின்றுபோனது.

அவளுடைய அம்மா ஒரு மஞ்சள் பையிலிருந்து தினசரி காலண்டரில் கிழித்த தாள்களை எடுத்து என் மேசையில் வைத்தார். ஒவ்வொரு தாளின் பின்பக்கத்திலும் ஒரு வரி. ‘தலைவலி, காய்ச்சல்.’ ‘காய்ச்சல் விட்டது.’ ‘ராத்திரி தூங்கல.’ ‘சிரிச்சுக்கிட்டே அழுறா.’ ‘தம்பி பேரை மறந்துட்டா.’ கடைசித் தாளில், ‘வெறும் வாயை மெல்லுறா.’ மொத்தம் 17 தாள்கள். “அதுக்கு முன்னாடி எழுத ஒண்ணும் இல்ல டாக்டர், நல்லாத்தான் இருந்தா” என்றார்.

அன்றே நரம்பியல் நண்பரை அழைத்தேன். முதுகுத்தண்டு நீரில் வெள்ளணுக்கள் கூடியிருந்தன. பிறகு வந்த முடிவில் என்எம்டிஏ ஏற்பிக்கு எதிரான எதிர்ப்புப் பொருள் இருந்தது. இடது சினைப்பையில் எலுமிச்சை அளவில் ஒரு டெரட்டோமா கட்டி. கட்டியை எடுத்தார்கள், ஸ்டீராய்டும் இம்யூனோகுளோபுலினும் கொடுத்தார்கள். பல மாதங்கள் ஆயின. அவள் தேறினாள், படிப்பை முடித்தாள். ஆனால் அந்தத் தாள்களை அவள் சேர்ந்த அன்றே நான் கேட்டிருக்க வேண்டும். ஐந்து நாள் கழித்துத்தான் பார்த்தேன்.

என்எம்டிஏ ஏற்பி மூளை அழற்சி என்ற இந்த நோய்க்கு மருத்துவத்தில் வயது குறைவு. டெரட்டோமா கட்டியும் மனக்குழப்பமும் மூச்சுத் திணறலும் சேர்ந்து வந்த நான்கு இளம்பெண்களைப் பற்றி ஹோசப் டால்மாவ் குழுவினர் 2005-இல் எழுதினார்கள். எதிர்ப்புப் பொருள் தாக்குவது என்எம்டிஏ ஏற்பியை என்று 2007-இல் கண்டுபிடித்தார்கள். அதற்கு முன்பும் இந்த நோய் இருந்திருக்கும். பெயர் தெரியாத வைரஸ் என்றும், உடல் விறைத்துப் பேச்சடங்கும் கேட்டடோனியா என்றும், சில வீடுகளில் பேய் என்றும் அதற்குப் பெயர் இட்டிருப்பார்கள். மருத்துவ வரலாறு இதுபோன்ற ஒன்றை முன்பே பார்த்திருக்கிறது. மனநலக் காப்பகங்களை நிரப்பிய ஒரு வகைப் பித்தின் பின்னால் சிஃபிலிஸ் கிருமி மூளைக்குள்ளேயே இருப்பதை 1913-இல் நொகுச்சியும் மூரும் காட்டினார்கள்.

ஏன் இது மனநோயின் உருவில் தொடங்குகிறது? கெட்டமைன் என்ற மயக்க மருந்து இதே ஏற்பியைத்தான் அடைக்கிறது. அதைப் போட்டுக்கொண்ட நலமான மனிதருக்கும் மாயத்தோற்றங்கள் வருவதை நாம் அறிவோம். இந்த நோயில் எதிர்ப்புப் பொருள், நரம்புச் செல்லின் மேற்பரப்பில் உள்ள ஏற்பிகளைப் பிணைத்து உள்ளே இழுத்துவிடுகிறது. செல் பெரும்பாலும் சாவதில்லை. எதிர்ப்புப் பொருள் குறைந்தால் ஏற்பிகள் மீண்டும் மேலே வருகின்றன. நம் நம்பிக்கைக்கு ஆதாரம் இதுதான். 577 நோயாளிகளைத் தொடர்ந்த 2013 ஆய்வில், 24 மாதம் வரை கண்காணித்தவர்களில் 81 விழுக்காட்டினர் நல்ல நிலைக்குத் திரும்பினார்கள். சிகிச்சை சீக்கிரம் தொடங்கியவர்கள் கூடுதலாகத் தேறினார்கள்.

அப்படியானால் நாம் தடுமாறும் இடம் எது? எம்.ஆர்.ஐ. இயல்பு என்று வந்தவுடன் நிம்மதி அடைந்துவிடுகிறோம். அதே ஆய்வில் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கினருக்கு எம்.ஆர்.ஐ. இயல்பாகவே இருந்தது. ஆனால் இ.இ.ஜி. எடுத்தவர்களில் சுமார் 90 விழுக்காட்டினருக்கு மாறுதல் தெரிந்தது. ஒருமுறை நோய் தாக்கும்போது அது மனநல அறிகுறிகளோடு மட்டும் நிற்பதும் அரிது. 571 பேரைப் பார்த்த இன்னோர் ஆய்வில் அப்படி இருந்தவர்கள் 23 பேர், அதாவது 4 விழுக்காடு. மற்றவர்களிடம் வேறு தடயமும் இருந்தது. 2016-இல் வகுத்த நெறிமுறை அவற்றை ஆறு வகையாக அடுக்குகிறது: நடத்தை அல்லது அறிவுத்திறன் மாற்றம், பேச்சுக் கோளாறு, வலிப்பு, அசைவுக் கோளாறு அல்லது விறைப்பு, சுயநினைவு மங்கல், தன்னியக்க நரம்புக் கோளாறு அல்லது மூச்சு மந்தம். மூன்று மாதத்துக்குள் இவற்றில் நான்கு வேகமாகச் சேர்ந்து, இ.இ.ஜி.யிலோ முதுகுத்தண்டு நீரிலோ மாறுதலும் இருந்தால், வேறு காரணம் இல்லை என்று உறுதி செய்துகொண்டு, எதிர்ப்புப் பொருள் முடிவுக்குக் காத்திராமலே சிகிச்சையைத் தொடங்க இடமுண்டு.

இந்த ஆறில் பலவும் அந்தத் தாயின் கையெழுத்தில் இருந்தன. ‘வெறும் வாயை மெல்லுறா’ என்பது வாய், முக அசைவுக் கோளாறுதான். நாம் பாடப்புத்தகத்தில் தேடுவதை வீட்டுத் தமிழில் எழுதி வைத்திருந்தார்.

இதே நோய் தாக்கிய நியூயார்க் பத்திரிகையாளர் சுசானா கஹாலனுக்கு 2009-இல் பல மருத்துவர்கள் பல நோய்ப் பெயர்களைச் சொன்னார்கள். சுஹேல் நஜ்ஜார் என்ற நரம்பியல் மருத்துவர் அவரைக் கடிகாரம் வரையச் சொன்னார். எல்லா எண்களையும் அவர் வலப்பாதியிலேயே நெருக்கி எழுதினார். வழி திறந்தது அங்கேதான். ஒரு தாளும் பேனாவும் இல்லாத ஆரம்ப சுகாதார நிலையம் நம் நாட்டில் எதுவும் இல்லை.

எச்சரிக்கை ஒன்றும் சொல்ல வேண்டும். மனச்சிதைவு ஒவ்வொன்றையும் மூளை அழற்சி என்று கிளம்பினால் வேறொரு கேடு வரும். அழற்சி என்று தவறாக முத்திரை குத்தப்பட்ட 107 பேரைப் பற்றிய ஆய்வு 2023-இல் வெளிவந்தது. அவர்களில் 18 விழுக்காட்டினருக்கு இருந்தது மனநோயே. இரத்தத்தில் மட்டும் எதிர்ப்புப் பொருளைத் தேடினால் இரண்டு பக்கமும் ஏமாறுவோம், ஆகவே முதுகுத்தண்டு நீர் தேவை. ‘முதுகில் ஊசி போட்டால் கால் விழுந்துவிடும்’ என்று அஞ்சும் குடும்பத்திடம் அவசரப்படாமல் உட்கார்ந்து விளக்குவதும் சிகிச்சைதான்.

குணசீலம் கோயிலில் ஒரு மண்டலம், 48 நாள், மகளோடு தங்கி வேண்டிக்கொள்ளும் தாயை நான் குறைசொல்ல மாட்டேன். வேறு வழி தெரியாத அன்பு அது. ஆனால் இந்த நோயில் 48 நாளைக்குள் மூச்சே மந்தமாகி வென்டிலேட்டர் தேவைப்படலாம். அந்தத் தாயிடம் நாம் போய்ச் சேர வேண்டும்.

என் மனத்தை உறுத்தும் இன்னொன்று. முடிவு வந்த அன்று அந்த மாணவியின் அப்பா என் கையைப் பிடித்துக்கொண்டு, “பைத்தியம் இல்லைன்னு சொன்னீங்களே, அது போதும் சார்” என்றார். பக்கத்துக் கட்டிலில் மனச்சிதைவுள்ள மகனோடு இருந்த அம்மா அதைக் கேட்டுக்கொண்டிருந்தார். அவருடைய மகனின் நோயும் நோய்தான், அவனும் அதே மரியாதைக்கு உரியவன். மூளை அழற்சியைக் கண்டுபிடிப்பதில் நாம் கொள்ளும் பெருமை மற்ற நோயாளிகளைச் சிறுமைப்படுத்தக் கூடாது. நரம்பியல் வார்டுக்கு அனுப்பியதோடு நம் கடமையும் முடிவதில்லை. தூக்கமும் நினைவும் நடத்தையும் திரும்பப் பல மாதம் ஆகும், அந்தக் காலம் முழுவதும் இரு துறையும் சேர்ந்தே வார்டைச் சுற்றிவர வேண்டும்.

இந்த இரண்டு நாளில் ஒரு முடிவு எடுப்போம். முதன்முறையாக மனம் குலைந்து வரும் ஒவ்வொருவரின் குடும்பத்திடமும், ‘எந்த நாள் வரை நன்றாக இருந்தார்? அதன்பின் ஒவ்வொரு நாளும் என்ன மாறியது?’ என்று கேட்டு, பதிலைத் தேதியோடு எழுதுவோம். அந்த நாள் கணக்கு வேகமாக ஓடினால், இ.இ.ஜி.யும் முதுகுத்தண்டு நீர்ப் பரிசோதனையும் காத்திருக்கக் கூடாது.

அந்த 17 தாள்களில் ஒன்றைக் கேட்டு வாங்கி வைத்திருக்கிறேன். அவளை என்னிடம் அழைத்து வந்த நாளின் தாள் அது. பின்பக்கத்தில், ‘பெரிய டாக்டர்கிட்ட காட்டியாச்சு, இனி சரியாயிடும்’ என்று எழுதியிருக்கிறது. அந்த வரிக்கு நான் ஐந்து நாள் கடன்பட்டவன். இனி வரும் தாய்க்கு அந்தக் கடன் ஒரு நாள்கூட நீளாதிருக்க வேண்டும் என்ற விருப்பத்தோடு இக்கருத்தரங்கைத் தொடங்கிவைக்கிறேன்.