நம்ம பிள்ளை நம்ம பள்ளிக்கூடத்துக்கு ஆசிரியராக வரவேணும்

(மட்டக்களப்புக்குச் சுற்றுலா வந்த தோட்டப் பெற்றோர், மாணவர் மத்தியில் ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவர் கல்லடியில் பேசியது.)



மலையை விட்டு இறங்கி எங்கட வாவிக்கரைக்கு வந்திருக்கிறீங்க. இந்த வாவிக்கு இரண்டு கரை. சூரியன் எழும் பக்கம் எழுவான்கரை, படும் பக்கம் படுவான்கரை. பட்டணமும் பெரிய பாடசாலைகளும் எழுவான்கரையில். படுவான்கரையில் வயலும் மாடும் சின்னச் சின்னக் கிராமங்களும்.

மண்முனையில் 2014இல் பாலம் திறக்கும் வரைக்கும் அங்கே படிப்பிக்கப் போன ஆசிரியர்மார் 'பாதை'யில்தான் வாவியைக் கடந்தார்கள். பாதை என்றால் றோட்டு இல்லை. ஆளையும் வாகனத்தையும் ஏற்றிப் போகிற மிதவைக்கு எங்கட ஊரில் அப்படித்தான் பேர். காலையில் பாதை பிந்தினால் முதல் பாடம் போச்சு. பின்னேரப் பாதையைப் பிடிக்க ஓடினால் கடைசிப் பாடமும் போச்சு. அங்கே நியமனம் கிடைத்தால் அடுத்த வருடமே இடமாற்றம் கேட்பார்கள். அவர்களை நான் குறை சொல்லவில்லை. வீடு வாசல், பிள்ளை குட்டி எல்லாம் இக்கரையில்தானே. நின்று பிடித்தவர்கள் பெரும்பாலும் அக்கரையில் பிறந்து வளர்ந்தவர்கள்.

இது உங்களுக்குத் தெரியாத கதையா? தோட்டத்துப் பிள்ளைகளுக்குப் படிப்புக் கொடுக்க வேணும் என்று 1907ஆம் ஆண்டுச் சட்டம் துரைமாருக்குச் சொன்னது. கிடைத்தது பெரும்பாலும் ஓர் அறையும் ஒரு வாத்தியாரும்தான். 1970களில் தோட்டப் பள்ளிகளை அரசாங்கம் பொறுப்பேற்றது. யாழ்ப்பாணத்திலிருந்தும் எங்கட பக்கத்திலிருந்தும் ஆசிரியர்கள் மலைக்கு வந்தார்கள். நல்லாப் படிப்பித்தவர்கள் அதில் பலர். ஆனாலும் லீவுக்குப் போன சேர் திரும்பி வருவாரா என்று நீங்க பார்த்துக்கொண்டிருந்த காலமும் உண்டு.

பிறகு தோட்டத்துப் பிள்ளைகளே ஆசிரியராக வரத் தொடங்கினார்கள். 1990களில் ஜெர்மன் உதவியோடு பத்தனையில் ஸ்ரீபாத கல்வியியற் கல்லூரி வந்தது. 2015ஐ ஒட்டி மூவாயிரம் பேரளவில் ஆசிரிய உதவியாளர்களை எடுத்தார்கள். முதலில் மாதம் 6,000 ரூபாய்தான். பஸ் காசுக்கும் சாப்பாட்டுக்கும் அது எந்த மூலைக்கு? அது நியாயமில்லை என்று இப்பவும் சொல்லுவன். அதையும் தாங்கிப் பயிற்சியை முடித்தவர்கள் இன்றைக்கு ஆசிரியர் சேவையில் இருக்கிறாங்க.

லயத்துப் பிள்ளை இரண்டு நாள் வராவிட்டால் வெளியூர் ஆசிரியர் இடாப்பில் 'வரவில்லை' என்று போடுவார். லயத்தில் வளர்ந்த டீச்சருக்குக் காரணம் கேட்காமலே விளங்கும். அம்மா கொழுந்துக்குப் போக, தம்பியைப் பார்த்துக்கொண்டு பிள்ளை வீட்டில் நிற்கும். அந்த டீச்சர் பின்னேரம் காம்பரா வாசலுக்கே வந்திடுவா.

விபுலானந்த அடிகளும் கொழும்புக்குப் போய் ஆசிரியப் பயிற்சி பெற்றவர்தான். காரைதீவில் பிறந்தவர். பிற்காலத்தில் பல்கலைக்கழகப் பேராசிரியராக இருந்தார். ஆனால் இந்தக் கல்லடி உப்போடையில் 1929இல் சிவானந்தா வித்தியாலயத்தைத் தொடங்கியது எங்கட பிள்ளைகளுக்காக.

இப்ப பெற்றோருக்கு ஒரு விசயம். சாதாரண தரம் முடிந்த கையோடு பிள்ளையைக் கொழும்புக் கடைக்கு அனுப்பிடாதீங்க. கல்வியியற் கல்லூரிக்கு உயர்தரப் பெறுபேற்றை, இசட் புள்ளியைப் பார்த்துத்தான் எடுக்கிறாங்க. நடந்து வந்த முறைப்படி மூன்று வருடம். இரண்டு வருடம் விடுதியில் தங்கிப் படிப்பு, ஒரு வருடம் பாடசாலையில் பயிற்சி. பத்தனை மட்டுமில்லை, இங்கே தாழங்குடாவிலும் ஒரு கல்லூரி இருக்கு. பாடத்தைத் தெரியும்போது கணிதம், விஞ்ஞானம், ஆங்கிலத்துக்குப் பயப்பட வேண்டாம். ஆசிரியர் தட்டுப்பாடு அதிலேதான்.

விண்ணப்பம் கோருவது வர்த்தமானியில் வரும். முடிவுத் திகதியை அதிபரிடம் கேட்டு எழுதி வையுங்க. இன்னொன்று, பிறப்புச் சான்றிதழில் ஒரு பேர், அடையாள அட்டையில் இன்னொரு பேர் என்று தோட்டத்தில் நிறையப் பேருக்கு இருக்கு. வீட்டுக்குப் போனதும் எடுத்துப் பாருங்க. பிழை இருந்தால் இப்பவே பிரதேச செயலகத்தில் திருத்தக் கொடுங்க. பெறுபேறு வந்த பிறகு அதுக்கு ஓடித் திரிய நேரம் காணாது.