சிறு படகின் விளக்கும் கம்பியும்
(ஆண்டு விழாவில் ஆற்றிய உரை)



ஆண்டு விழா மேடையில் இலக்கியம் பேசுவதே மரபு. இன்று நான் எடுத்துக்கொண்ட பொருளோ, பழைய சிறு படகொன்றில் மின்கம்பிகளைப் படகுக்காரரே புதிதாக அமைத்துக்கொள்வது எங்ஙனம் என்பதாகும். இது நமக்கு எதற்கு என்று எண்ணுதல் வேண்டா. விழிஞ்ஞம் முதல் குளச்சல் வரையுள்ள கரையில் நம்மவருள் பலருக்கு உற்றார் உறவினர் உண்டு. 2018 ஆகஸ்டு 7ஆம் நாள் விடியற்காலையில், கொச்சிக்கு வடக்கே முனம்பம் கடலில் ‘ஓஷியானிக்’ என்னும் மீன்பிடிப் படகின்மீது கப்பலொன்று மோதிற்று. மாண்டோருள் பலர் குமரி மாவட்டத்தினர். அதற்குக் காரணம் விளக்குக் குறைவு என்று நான் கூறவில்லை. ஆயினும் 2025 மே 2ஆம் நாள் விழிஞ்ஞம் பெருந்துறைமுகம் திறந்து வைக்கப்பட்டது. இன்று பெருங்கப்பல்கள் நம் சிறு படகுகள் உலவும் கடலிலேயே வந்து போகின்றன. இருளில் தன்னைக் காட்டிக்கொள்ள இயலாத படகு எவர் கண்ணுக்கும் படாது.

இரயில்வேயில் பணிபுரியும் என் போன்றோர்க்குச் சிவப்பு என்றால் ‘நில்’. பச்சை என்றால் ‘செல்’. கடலில் அவை திசை காட்டுவன. 1972ஆம் ஆண்டின் பன்னாட்டு விதிகளின்படி, படகின் இடப்புறம் சிவப்பு, வலப்புறம் பச்சை. குறுக்கே வரும் படகின் சிவப்பைக் காண்பவனே ஒதுங்கி வழிவிடல் வேண்டும். 7 மீட்டருக்குக் குறைந்து, 7 கடல் மைல் வேகத்துக்கு மேற்படாத விசைப்படகுக்கு, எத்திசைக்கும் தெரியும் ஒரு வெள்ளை விளக்கே போதும். மீன் பிடிக்கும்போது காட்ட வேண்டியவை வேறு. அந்த ஒரு விளக்கும் எரியாவிட்டால் என் செய்வது?

விளக்கு மங்கியவுடன் நாம் பாட்டரியைப் பழிக்கிறோம். குற்றம் பெரும்பாலும் கம்பியின் இணைப்பிலேயே இருக்கும். வீட்டில் 230 வோல்ட்டில் ஒரு வோல்ட் குறைந்தால் கண்ணுக்குத் தெரியாது. படகிலோ மொத்தமே 12 வோல்ட். அதில் ஒன்று இணைப்பில் தொலைந்தால், இழை பல்பின் ஒளியில் ஏறத்தாழக் காற்பங்கு போய்விடும். உப்பு நீர் செப்பிழைகளுக்கிடையே ஏறி, உறைக்குள்ளேயே அதனைப் பச்சை பிடிக்கச் செய்கிறது. முறுக்கி நாடா சுற்றிய இணைப்பு அதற்குத் திறந்த வாயில்.

ஆதலின் பழைய கம்பியை ஒட்டுப்போடுதல் பயனற்றது, முழுவதையும் மாற்றுக. முதலில் தாளில் படம் வரைக. பாட்டரி, சுவிட்சு, விளக்கு ஒவ்வொன்றின் இடத்தையும் குறித்து, கம்பி செல்லும் வழிக்கு எண் இடுக. வேலை தொடங்குமுன் பெட்ரோல் ஆவி போகக் காற்றோட்டம் செய்து, பாட்டரியின் எதிர்முனையை முதலிற் கழற்றுக. வீட்டுக்குரிய ஒற்றைக் கட்டைக் கம்பி படகின் அதிர்ச்சியில் முறியும். வெள்ளீயம் பூசிய பல இழைச் செப்புக் கம்பியே ஏற்றது. ஒவ்வொரு விளக்குக்கும் போக ஒன்று, வர ஒன்று என இரண்டு கம்பிகள் வேண்டும். முனைகளை இடுக்கியால் நெருக்கிப் பிடிப்பித்து, சூட்டிற் சுருங்கும் உறையிட்டு மூடுக. நீர் தேங்கும் அடிப்பாகத்தைத் தவிர்த்து, கம்பியை உயரத்திற் செலுத்தி, ஒன்றரை அடிக்கு ஒருமுறை கட்டுக.

ப்யூஸ் மிக இன்றியமையாதது. அது காப்பது விளக்கையன்று, கம்பியை. ஆகவே அது பாட்டரி முனையிலிருந்து 7 அங்குலத்துக்குள் இருத்தல் நலம். விளக்கருகே வைத்தால், இடையில் கம்பி உரசித் தீப்பற்றும்போது அது உதவாது. முடிவில் விளக்கை எரியவிட்டு, விளக்கின் முனையிலேயே மீட்டர் வைத்து அளந்து பார்க்க. பாட்டரியில் 12 காட்ட, விளக்கில் 11 காட்டுமாயின், இணைப்பை மீண்டும் தேடுக.

கூலி கொடுத்து இதனைச் செய்வித்தல் ஆகாதா எனலாம். ஆகும். எனினும் கரையில் விளக்கு அணைந்தால் மின்வாரியத்துக்குச் சொல்லியனுப்பலாம். நடுக்கடலில் எவருக்குச் சொல்லியனுப்புவது? தன் கையால் கம்பி இழுத்தவன், இருட்டிலும் மூன்றாம் எண் கம்பி எங்கே போகிறது என்று தடவி அறிவான். அவ்வறிவே அங்கு அவனுக்குத் துணை.

விழா முடிந்து ஊருக்குச் செல்லும் அன்பர்கள், கடற்கரையிலுள்ள உறவினரிடம் ஒன்று மட்டும் கேளுங்கள்: ‘உங்கள் படகின் விளக்கு எரிகிறதா? அதன் ப்யூஸ் எங்கே இருக்கிறது?’ விடை உடனே வராவிட்டால், ஒரு ஞாயிற்றுக்கிழமை அவருடன் அமர்ந்து படம் வரையுங்கள்.